மச்சான் கொண்டுவந்த ஹெட்

பட்டறை மேசைமேல் இரண்டு சிலிண்டர் ஹெட்கள் இருந்தன. ஒன்று வேனிலிருந்து கழற்றியது. கரியும் எண்ணெயுமாக அடிப்பிடித்த சட்டிபோல் கறுத்திருந்தது. மற்றொன்றைப் பழைய இரும்புக் கடை நடத்தும் மச்சான் அன்று காலையில் சுமந்துவந்து வைத்திருந்தார். அதுவும் வேறொரு வண்டியில் உழைத்துக் களைத்ததுதான். எனினும், தேய்த்துக் கழுவி வெள்ளிப் பூச்சு அடித்ததில் புதுமாப்பிள்ளைபோல் மின்னியது.

வேனை ஓட்டுபவள் மெக்கானிக்கின் மனைவி, மச்சானுக்குத் தங்கை. மலைமேல் வாழும் நோயாளிகளை மருத்துவமனைக்கு அழைத்துவரும் வேலை அவளுக்குக் கிடைத்திருந்தது. அதற்குள் வண்டி சூடேறி, இன்ஜினுக்கு மூடிபோல் அமரும் ஹெட் வளைந்துவிட்டது. சமதளத்தில் நின்றுபோனால் தள்ளிவிட நாலு பேர் வருவார்கள். மலைப்பாதை வளைவில், மூச்சுக்குத் தவிக்கும் மனிதர் பின்னிருக்கையில் இருக்கும்போது நின்றுபோனால்? அந்தக் கேள்விதான் அவளை உறங்கவிடவில்லை.

வேனிலிருந்து கழற்றிய பழையதைத் தம் கடைக்கு அனுப்பிவிட்டால் எடைக்கு எடுத்துக்கொள்வதாக மச்சான் கேலி செய்தார்.

மெக்கானிக் பழைய ஹெட்டை முறைப்படி சோதித்தார். அதன் துளைகளை அடைத்து, உள்ளே காற்றை அழுத்தி, வெந்நீர்த் தொட்டியில் அமிழ்த்தினார். விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். குமிழி ஒன்றும் எழவில்லை. கனத்தை அளந்தார். வளைவு நீங்க லேத்தில் கொடுத்து ஒருமுறை சீவலாம், மறுமுறைக்கு இடமில்லை. வால்வுகள் அமரும் விளிம்புகளையும் புதுப்பிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான்.

மின்னியதை அவர் தொட்டியருகே கொண்டுபோகவில்லை. கொடுத்தவர் எதிரிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். விருந்துக்குப் போன வீட்டில் சோற்றை முகர்ந்து பார்ப்பதுபோல் மெக்கானிக்குக்குக் கூச்சமாக இருந்தது. இதையே மாட்டிவிடலாம் என்று தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"அதை வெந்நீர்ல போட்டீங்களே, இதை ஏன் போடல?" என்றாள் அருகில் நின்ற மனைவி.

அவர் வாய் திறக்குமுன் மச்சான் குறுக்கிட்டார். "என்மேல சந்தேகமா உனக்கு?"

"உன்மேல எனக்கென்ன சந்தேகம்ணே? அதுக்குள்ள நீயும் போய்ப் பாத்ததில்ல. மலை ஏறும்போது ஸ்டியரிங் என் கையிலதான் இருக்கு."

அவளே துளைகளை அடைக்கத் தொடங்கினாள். கணவரும் வந்து கைகொடுத்தார். ஹெட் தொட்டியில் இறங்கிய சிறிது நேரத்தில், இரண்டு வால்வுகளுக்கு நடுவே கடுகளவு குமிழி ஒன்று எழுந்தது. பின் மற்றொன்று. பின் ஒரு சரமாகவே எழுந்தன.

மனைவியின் உயிரைவிட மச்சானின் முகத்தை அல்லவா பெரிதாக எண்ணிவிட்டோம் என்று மெக்கானிக் உள்ளுக்குள் குன்றிப்போனார். மச்சானின் நிலை இன்னும் மோசம். பூச்சைத் தம் கையால் இரண்டு தடவை அடித்தவர் அவர்.

"அப்போ எடைக்குப் போறது இதுதான்" என்றார் கடைசியில்.

பழைய ஹெட் லேத்தில் சீவப்பட்டுத் திரும்பிய அன்று, அவர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, கேட்காமலே வால்வு அரைக்கும் குச்சியை எடுத்துக்கொண்டார். மணல்போல் உராயும் பசையைத் தடவி, உள்ளங்கைகளுக்கிடையே குச்சியை உருட்டி, நெடுநேரம் அரைத்தார். முதல் வால்வு முடிந்ததும் துடைத்து நீட்டினார்.

"நல்லாப் பாருங்க மாப்பிள்ளை. நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

மெக்கானிக் விளக்கை அருகே இழுத்து, விளிம்பைச் சுற்றிலும் நிதானமாகப் பார்த்தார். பிறகு அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"இன்னும் கொஞ்சம் அரைக்கணும், மச்சான்."