வணக்கம் சொல்ல வராத கடை

ஒசாகா நகரத்தின் நடுவே எங்கள் தமனோகி கடைவீதிக்குக் கண்ணாடிக் கூரை போட்டுத் திறப்புவிழா நடத்திய மறுநாள் காலை, குடைக்கடைக்கும் கடற்பாசிக் கடைக்கும் நடுவில் யாரும் கட்டாத ஒரு கடை நின்றது. அந்த வாரம் வெங்காயம் விலை இறங்கியிருந்தது. கடையின் ஷட்டர் மூடியிருந்தது, உள்ளே மட்டும் யாரோ நடமாடும் சத்தம். புதிதாகக் கடை போடுகிறவர்தான் துண்டும் நூடுல்ஸும் கொண்டுவந்து அக்கம்பக்கத்தாருக்கு வணக்கம் சொல்லவேண்டும். அதுவரை அவரைக் கண்டுகொள்வது எங்கள் ஊரில் மரியாதை இல்லை. ஆகவே பதின்மூன்று வருஷம் யாருமே அந்தப் பக்கம் பார்க்காமல் நடந்தோம். சிரிக்காதீர்கள், நீங்கள் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பீர்கள்.

கடையோ சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு மழைக்காலத்திலும் கொஞ்சம் அகன்றது, அதுவும் குடைக்கடைப் பக்கமாகவே. குடைக்கடைக்காரி கினுயோவுக்கு அப்பா விட்டுப்போன சொத்து அந்தக் குடைக்கடை ஒன்றுதான்; வேறு பிழைப்பு கிடையாது. கடைசியில் அவளே ஒருக்களித்துத்தான் உள்ளே நுழையவேண்டியதாயிற்று. கடற்பாசி விற்கும் குமகிச்சிக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, இனிமே நீங்க மடக்குக் குடை மட்டும்தான் விப்பீங்க போல!"

"உன்னையும் சேத்து மடக்கி வெச்சுடுவேன், போடா!" என்றாள் கினுயோ. சொல்லிவிட்டு உள்ளே போய் அழுதாள், பாவம். வியாபாரிகள் சங்கம் கூடியது. அறிமுகமே ஆகாதவர்மேல் புகார் சொல்வது முறையா என்று விடிய விடியப் பேசி, ஊறுகாயைக் காலி செய்துவிட்டுக் கலைந்தது.

மறுநாள் கினுயோ தானே துண்டும் நூடுல்ஸும் வாங்கிக்கொண்டு அந்த ஷட்டர் முன்னால் போய்க் குனிந்து நின்றாள். வீதியே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது.

"ஒருவேளை நீங்கதான் இங்க மொதல்ல இருந்தீங்களோ என்னவோ, நாங்க இவ்வளவு நாள் வராததுக்கு மன்னிச்சுக்கோங்க. எங்க கடையில நீங்க இதுவரைக்கும் எடுத்துக்கிட்ட இடத்தை எங்க அன்பளிப்பா ஏத்துக்கணும்."

"ஐயோ அக்கா, மொத்தத்தையும் தாரை வார்த்துட்டீங்களே!" என்று குமகிச்சி தலையில் அடித்துக்கொண்டான். உள்ளே யாரோ கனைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

காலையில் பார்த்தால் சுவர் நகர்ந்திருந்தது. வாங்கிய அன்பளிப்புக்குப் பாதி மதிப்பில் திருப்பிச் செய்வது எங்கள் வழக்கம். கினுயோ இழந்த இடத்தில் சரிபாதி திரும்பி வந்திருந்தது, ஒரு விரல்கூடக் கூடுதலில்லை, குறைவில்லை. குமகிச்சி உடனே ஓடிப்போய் ஒரு கட்டுக் கடற்பாசியை ஷட்டர் முன்னால் வைத்தான். அவனுக்கு அரைக்கட்டு வந்தது. கினுயோ கண்ணைத் துடைத்துக்கொண்டு, "முறை தெரிஞ்சவங்கதான்" என்றாள். பிறகு துடைப்பத்தை எடுத்துத் தன் வாசலோடு அந்த வாசலையும் சேர்த்துப் பெருக்கினாள்.