உடன்பிறந்தார்: இல்லை

அலமாரியின் இரண்டாவது கதவு திறக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. அக்கா ஒரு காலைச் சுவரில் ஊன்றிக்கொண்டு இழுத்தாள். கதவு திறந்துகொண்டது; கூடவே மேல்தட்டிலிருந்து ஒரு துணிப்பை அவிழ்ந்து விழுந்து, ஐம்பது அறுபது பகடைகள் அறை முழுக்கச் சிதறின. நாலு முகம், எட்டு முகம், இருபது முகம் என்று விதவிதமானவை. ஒன்று கட்டிலுக்கு அடியில் உருண்டு போய் நின்றது.

"சட்டையை எங்கடா வெச்ச?" என்று காலி அறையைக் கேட்டாள்.

பதில் சொல்ல வேண்டிய தம்பி மருத்துவமனையில் குளிர்ப்பெட்டியில் கிடந்தான். நேற்று மத்தியானம் வேலை மேசையிலேயே சாய்ந்துவிட்டான். நாற்பத்தொரு வயது. பல் செட் செய்கிறவன். மாடி வீட்டுக்காரர் வந்து பார்த்தபோது கையில் பாதி தேய்த்த பல் வரிசை இருந்ததாம், மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்ததாம். பதினொரு மணிக்குக் கொண்டுவந்துவிடுவோம் என்று அவள் கணவர் மருத்துவமனையிலிருந்து ஃபோனில் சொன்னார். பிறகு பன்னிரண்டு என்றார். இப்போது, கையெழுத்துப் போட வேண்டிய டாக்டர் சாப்பிடப் போயிருக்கிறார் என்கிறார். மூன்று மணிக்கு மின்மயானத்தில் நேரம் வாங்கியிருந்தார்கள். தவறினால் நாளைக்குத்தான்.

அவள் தேடியது நீல முழுக்கைச் சட்டை. போன வருஷம் அவளே எடுத்துக் கொடுத்தது. அடித்தட்டில், கடைக்காரன் மடித்த மடிப்பு கலையாமல் கிடைத்தது. காலருக்குள் வைத்த அட்டையைக்கூட எடுக்கவில்லை. 'அளவெடுத்த மாதிரி இருக்குக்கா' என்று ஃபோனில் சொன்னானே, புளுகன். சட்டைக்கு அடியில் ஒரு தடித்த கோப்பு இருந்தது. மேலே அவன் குண்டுக் கையெழுத்தில் 'முன்கதைகள்' என்று எழுதியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை விளையாட்டைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது கொஞ்சம்தான். ஆறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரமாக மாறி, இல்லாத ஒரு நாட்டில் மணிக்கணக்காக அலைவார்கள். பாத்திரம் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு தேவதைக்குக் கட்டுப்பட்டது. தேவதை சக்தி கொடுக்கும், பதிலுக்கு ஏதாவது வாங்கிக்கொள்ளும். ஆட்டம் தொடங்குமுன் அந்தப் பாத்திரம் யார், எப்படி தேவதையிடம் மாட்டிக்கொண்டது என்று முன்கதை எழுதித் தர வேண்டும். ஆறு வருஷமாக இதே கூத்து. போன வாரம்கூட ஃபோனில் சண்டை.

"நாப்பத்தொரு வயசுல பேய்கூட ஒப்பந்தம் போட்டு விளையாடிட்டிருக்க. ஒரு ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிட வர முடியல."

"பேய் இல்லக்கா, தேவதை."

"எதுவா இருந்தா என்ன, அது உனக்குச் சோறு போடுமா?"

"போடாதுக்கா. அதான் வீட்டுலயே சாப்பிட்டுட்டுப் போறேன்."

அவள்தான் பட்டென்று ஃபோனை வைத்தாள். அவனோடு பேசிய கடைசிப் பேச்சு அதுதான் என்று ஆகிவிட்டது.

வண்டி வரும்வரை செய்ய வேறொன்றும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து கோப்பைப் பிரித்தாள். முப்பது வருஷமாகப் பள்ளிக்கூட அலுவலகத்தில் குமாஸ்தா அவள். கட்டத்துக்கு வெளியே ஓர் எழுத்து போனாலும் விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள் என்று பெற்றோர்கள் அவளைக் கண்டாலே பயப்படுவார்கள். இதையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தாள். முதல் கோளாறு அப்போதே தெரிந்தது. தாள்களின் எண் இரண்டில் தொடங்கிப் பன்னிரண்டில் முடிந்தது. ஒன்றைக் காணோம்.

ஒவ்வொரு தாளிலும் ஒரே மாதிரிக் கட்டங்கள் அச்சடித்திருந்தன: தொழில், தேவதை, கேட்டது, கொடுத்தது, உறவுகள். ஒரு படகோட்டி, நாணல் காட்டு ராணியிடம் தன் தூக்கத்தைக் கொடுத்துவிட்டு மூழ்காத படகு ஒன்றை வாங்கியிருந்தான். பூட்டுச் செய்கிறவன் அந்துப்பூச்சித் தேவதையிடம் தன் நிழலை ஒப்படைத்திருந்தான். இன்னொருத்தி பாடகி, சிரிப்பைக் கொடுத்துக் குரல் வாங்கினவள். ஒருநாள் நல்ல நகைச்சுவை ஒன்று காதில் விழ, சிரிக்க முடியாமல் விக்கி விக்கி நின்றாள் என்று எழுதியிருந்தான். பயல் நன்றாகத்தான் எழுதியிருந்தான். அதுவும் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆனால் உறவுகள் என்ற கட்டத்துக்கு வந்தால் எல்லோருக்கும் ஒரே விதி. தாய்: இல்லை. தந்தை: இல்லை. உடன்பிறந்தார்: இல்லை. படகோட்டிக்கு இல்லை, பூட்டுக்காரனுக்கு இல்லை, பாடகிக்கும் இல்லை. ஒன்றுவிட்ட சித்தப்பா என்று பேருக்குக்கூட ஓர் ஆள் கிடையாது. எல்லோரும் வானத்திலிருந்து குதித்தவர்கள்.

தாய் தந்தை இல்லை என்பது சரி. ஒரே வருஷத்தில் இரண்டு பேரும் போனபோது அவனுக்கு ஒன்பது வயது, அவளுக்கு இருபது. பள்ளிக்கூடம் கொடுத்த தாள்களில் 'பெற்றோர் / காப்பாளர்' என்று இருக்கும். பெற்றோர் என்பதை அடித்துவிட்டுக் கீழே கையெழுத்துப் போட்டவள் அவள். காய்ச்சலில் பக்கத்தில் உட்கார்ந்ததும், கணக்கு வாத்தியாரிடம் அவனுக்காகப் போய்க் கெஞ்சியதும், பல் செட் வேலை கற்றுக்கொள்ளச் சேர்த்துவிட்டதும் அவள்தான். உடன்பிறந்தார் இல்லையாம்.

பன்னிரண்டாம் தாள் மட்டும் வரைவு. இந்த ஞாயிற்றுக்கிழமைக்காக எழுதிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. கலங்கரை விளக்கக் காவல்காரன் ஒருவன், உப்புத் தேவதை. உறவுகள் கட்டத்தில் எதையோ எழுதிவிட்டுக் குறுக்கும் நெடுக்குமாக அடித்திருந்தான். அடித்த வேகத்தில் தாள் ஓரிடத்தில் கிழிந்தே போயிருந்தது. சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். அடித்தலுக்கு அடியில் 'அக்கா' என்று இருந்தது.

எழுதாமல் விட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள். எழுதிப் பார்த்து, வேண்டாம் என்று அடித்திருக்கிறான். அதுவும் தாள் கிழிய. அவளுக்கு அழுகை வரவில்லை. எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனாள். அவன் பால் காய்ச்சும் பாத்திரம் அடி பிடித்துக் கிடந்தது. அதை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

வாசலில் அழைப்பு மணி அடித்தது. வண்டிதான் என்று ஓடினால், வயதான ஒருவர் வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு நின்றார். தம்பி இன்றைக்கு வரச் சொல்லியிருந்தானாம், பல் செட் வாங்க வந்திருக்கிறார். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். கைக்குட்டைக்குள் ஏதோ சொன்னார், ஒன்றும் புரியவில்லை. அவள் முன்னறைக்குப் போய், பேர் ஒட்டிய பெட்டிகளில் தேடி அவருடையதை எடுத்துவந்து கொடுத்தாள். அவர் திரும்பி நின்று மாட்டிக்கொண்டு, தாடையை இரண்டு தடவை அசைத்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்ல மனுஷன்மா," என்றார் தெளிவாக. பிறகு, "நீங்க அவருக்கு என்ன வேணும்?"

"அக்கா."

"அப்படியா? அவருக்குக் கூடப்பிறந்தவங்க இருக்காங்கன்னே தெரியாதே."

"இல்லைன்னு எனக்கும் இப்பதான் தெரிஞ்சுது," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். பாத்திரம் பாக்கியிருந்தது.

அரைமணி கழித்துக் கதவருகில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். நாற்பது வயதிருக்கும். லிஃப்ட் கம்பெனிச் சட்டை, நகக்கண்ணில் கிரீஸ். அழுது முகம் வீங்கியிருந்தது.

"அக்கா, நான் அவர் ஃபிரண்டு. ஞாயித்துக்கிழமை கேம்ல. நான்தான் மாஸ்டர்."

"என்ன மாஸ்டர்? டான்ஸா, கராத்தேயா?"

"இல்லக்கா. கதையை நடத்துறவன். தேவதையா பேசுறதெல்லாம் நான்தான்."

அவள் அந்த ஆளை மேலும் கீழும் பார்த்தாள். மூன்று நாள் தாடி, லேசான தொப்பை. ஆறு வருஷமாகத் தன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கிக்கொண்ட தேவதை இதுதானா?

"இப்ப கேக்கக் கூடாது," என்று அவர் இழுத்தார். "இந்த வாரத்துக்கு ஒரு முன்கதை எழுதிட்டிருந்தார். அது கெடைச்சா... மேசையில அவர் எடத்துல வைக்கலாம்னு."

"ஆள் இன்னும் வீடு வந்து சேரல. நீங்க பேப்பர் கேட்டு வந்துட்டீங்க."

"தப்புதான்க்கா." ஆனால் அவர் போகவில்லை.

அவள் ஈரக் கையோடு உள்ளே போய்ப் பன்னிரண்டாம் தாளை எடுத்துவந்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இதுதானே? நல்லா பாருங்க. அக்கான்னு எழுதி அடிச்சிருக்கான். மத்ததுல எல்லாம் யாருமே இல்ல. வளத்தவ நான். உங்க விளையாட்டுல சேர்த்துக்கக்கூட நான் லாயக்கில்லையா?"

லிஃப்ட் மெக்கானிக் தாளைப் பார்த்தார். கிழிந்த இடத்தை விரலால் தடவினார்.

"வரைவுல இப்பவும் எழுதிட்டுத்தான் அடிக்கிறாரா," என்றார் தனக்குள் பேசுவது போல. பிறகு, "அக்கா, எங்க ஆட்டத்துல ஒரு விதி இருக்கு. முன்கதையில யாரை எழுதினாலும் அவங்க மாஸ்டர் கைக்கு வந்துடுவாங்க. தேவதை அவங்களைக் கேக்கலாம், தூக்கிட்டுப் போகலாம், கொல்லலாம். எழுதாத ஆளை என்னால தொட முடியாது."

அவள் தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

"மொதல் கேரக்டருக்கு அக்கா இருந்தாங்க. ஒரு பக்கம் பூரா எழுதியிருந்தார். நாலாவது வாரம் நான் தேவதையா வந்து, எனக்கு உன் அக்கா வேணும்னு கேட்டேன். நல்ல கட்டமா இருக்கும்னு நெனைச்சேன்." அவர் மூக்கை உறிஞ்சினார். "அப்படியே எழுந்து வெளிய போயிட்டார். கதைதானேன்னு பின்னாடியே போனேன். படிக்கட்டுல நின்னு அந்தத் தாளை நாலா எட்டா கிழிச்சுட்டார். ரெண்டு வாரம் வரவே இல்ல. அதுக்கப்புறம் எழுதினதெல்லாம் அநாதைங்கதான். நாங்க கிண்டல்கூடப் பண்ணுவோம், அநாதை இல்லம் நடத்துறீங்களான்னு."

"இதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவான்?" அவள் குரல் உயர்ந்தது. "ஒரு வார்த்தை. ஃபோன்ல எவ்வளவு பேசினோம். தேவதைன்னான், சாப்பிட்டுட்டுப் போறேன்னான். இதைச் சொல்லத் தெரியல அவனுக்கு."

கோப்பை எடுக்க அவள் அறைக்குள் போனாள்; அவரும் பின்னாலேயே வந்தார்.

"அந்த மொதல் தாள்ல என்ன எழுதியிருந்தான்?"

"ஆறு வருஷம் ஆச்சேக்கா. மறந்துடுச்சு." நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். "ஒண்ணு மட்டும் ஞாபகம் இருக்கு. அக்காவுக்குக் கோவம் வந்தா பாத்திரம் தேய்ப்பாங்க, அந்த ஊர்ல பாதிப் பாத்திரம் தேஞ்சே ஓட்டையாயிடுச்சுன்னு."

அவள் கையில் இன்னும் நார் இருந்தது. அதைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். சிரிப்பு மாதிரி ஏதோ ஒன்று தொண்டைவரை வந்து, அங்கேயே வேறொன்றாக மாறியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதாள். லிஃப்ட் மெக்கானிக் குனிந்து, தரையில் கிடந்த பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டிருந்தார்.

தெருவில் வண்டிச் சத்தம் கேட்டது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோப்பை அவரிடம் கொடுத்தாள். "மத்ததெல்லாம் எடுத்துட்டுப் போங்க. பன்னெண்டு எங்கிட்ட இருக்கட்டும்."

அவனுக்கு நீலச் சட்டையைப் போட்டுவிட்டார்கள். கை நீளம் அதிகம். விரல் நுனிவரை மூடிக்கொண்டது. அளவெடுத்த மாதிரி. அவள் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை மடித்துவிட்டாள், மடிப்பு நிற்காமல் அவிழ்ந்தது, திரும்பவும் மடித்தாள். "நேரமாச்சு" என்று கணவர் தோளைத் தொட்டார்.

மயானத்துக்கு மூன்று மணிக்கு ஐந்து நிமிஷம் முன்னால் போய்ச் சேர்ந்தார்கள். அலுவலகச் சன்னலில் ஒரு குமாஸ்தா, மைப் பேனாவோடு உட்கார்ந்திருந்தார். பேர், வயசு, காரணம் எல்லாம் கேட்டு எழுதினார்.

"அவருக்கு யாரும்மா இருக்காங்க? மனைவி?"

"இல்ல."

"மகன், மகள்?"

"இல்ல."

"நீங்க என்ன வேணும்?"

"அக்கா."

குமாஸ்தா தாளில் மேலும் கீழும் தேடினார். "அதுக்குக் கட்டம் இல்லம்மா. மற்றவர்னு டிக் போட்டுடறேன்."

"வேணாம். அக்கான்னு எழுதுங்க."

"எழுத எடமில்லையேம்மா. கட்டத்துக்குள்ளதான் எழுதணும்."

"தெரியும். முப்பது வருஷமா நானும் அதைத்தான் சொல்லிட்டிருக்கேன்," என்றாள். "ஓரத்துல எழுதுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். பின்னால் நிற்பவர்களைப் பார்த்தார். பிறகு தாளின் ஓரத்தில், பொடி எழுத்தில் எழுதினார்.

"கொஞ்சம் பெருசா."

அதன் மேலேயே அழுத்தி இன்னொரு தடவை எழுதினார். மை கொஞ்சம் பரவியது. அவள் சன்னலுக்குள் கையை விட்டுத் தாளைத் தன் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டாள். உள்ளேயிருந்து இவர்களுடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். அவள் குனிந்து, எழுத்தின் மேல் மெல்ல ஊதி மையைக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.