செவ்வாய்க்கிழமை டேப்

எங்கள் புடவை டிசைன் ஆபீஸில் ஞாயிறு தவிர கிழமைக்கு ஒரு பேக்கப் டேப் உண்டு. சாயங்காலம் அன்றைய டேப்பைப் போட்டால் எல்லா டிசைனும் அதில் ஏறிவிடும். அடுத்த வாரம் அதே கிழமையில் கம்ப்யூட்டர் பழையதை அழித்துவிட்டுப் புதியதை எழுதும். அந்த செட்டிங்கைப் போட்டவள் நான்தான், நிக்கத். ஒருநாள் தவறினாலும் எனக்குப் பொறுக்காது.

நேற்று செவ்வாய், அமாவாசை. அமாவாசைக்குத் தறி ஓடாது; தறிக்கு லீவு என்றால் ஆபீஸுக்கும் லீவு. டேப் மாற்ற மட்டும் வந்து போகிறேன் என்று முதலாளி பரமசிவத்திடம் சாவி வாங்கியிருந்தேன். விட்டாளா கலைவாணி? பக்கத்து சீட்டில் டிசைன் போடுகிறவள், அடுத்த மாதம் கல்யாணம். வளையல் வாங்கணும் என்று கடைகடையாக இழுத்தடித்தாள். இருட்டியே போய்விட்டது.

"டேப் மாத்தாம போச்சு! எல்லாம் உன்னாலதான்டி!" என்று வழியெல்லாம் திட்டினேன். அவள் வளையலைக் குலுக்கிக் குலுக்கிச் சிரித்தாள்.

இன்று காலை அந்தச் சிரிப்பு நின்றது. தன் கல்யாணப் புடவைக்கு அவளே ராத்திரி பகலாக வரைந்து பத்து நாள் முன்பே முடித்த அன்னப்பட்சி பார்டர். இன்று தறியில் ஏற வேண்டும். கம்ப்யூட்டரில் திறந்தால் ஒரு அன்னத்துக்கும் தலை இல்லை! போன புதன்கிழமை கரண்ட் போய் கம்ப்யூட்டர் படக்கென்று நின்றதே, அப்போதே ஃபைல் கெட்டிருக்கிறது.

திங்கள் டேப்பைப் போட்டேன். தலை இல்லை. சனி, வெள்ளி, வியாழன், புதன், எதிலும் இல்லை. நாசமாய்ப் போக என் செட்டிங், நல்லதையெல்லாம் ஒழுங்காக அழித்து வைத்திருந்தது.

"விடுடி, கடையில வேற பொடவை எடுத்துக்கினா போச்சு" என்றாள் கலைவாணி. சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மிச்சம் செவ்வாய் டேப். அதுவும் நேற்றே அழிந்திருக்குமே... யா அல்லா! நேற்றுதான் நான் வரவே இல்லையே! அதில் இருப்பது போன வாரச் செவ்வாய், கரண்ட் போனதற்கு முந்தின நாள்!

ஓடிப்போய் எடுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாக வந்தன அன்னங்கள், தலையும் மூக்குமாக!

"எல்லாம் உன்னாலதான்டி!" என்று அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன். நேற்று வாங்கிய வளையலில் இரண்டு உடைந்தன. யாருக்குக் கவலை?

சத்தம் கேட்டு முதலாளி அலறியடித்து ஓடிவந்தார். "இன்னாமா ஆச்சு?"

"சார், நேத்து நான் டேப்பே மாத்தல சார்!"

"அதுக்கா இந்த ஆட்டம்?"

"அதுக்குத்தான் சார்!" என்றோம் இரண்டு பேரும்.