சேறு படாத ஷூ

இங்கிலாந்தின் மலையடி ஊரான கெஸிக்கில் எங்கள் ஷூ கடைக்கு ஒரு விதி உண்டு. வாங்கிய ஷூவை வீட்டுக்குள் மாட்டிக்கொண்டு எவ்வளவு வேண்டுமானாலும் நடந்து பார்க்கலாம். பிடிக்காவிட்டால் மாற்றித் தருவோம். அடியில் பொட்டுச் சேறு இருந்தால் மட்டும் முடியாது. பர்க்கெட் சார் அளவுக்கு இந்த விதியை மதித்தவர் யாருமில்லை. மார்ச்சிலிருந்து ஜூலைக்குள் நான்கு ஜோடி. நான்கும் அவர் வீட்டு மாடிப்படியைத் தாண்டியதில்லை.

மழை எப்படி உண்டாகிறது என்று முப்பது வருடம் பள்ளியில் பாடம் நடத்தியவர். நனைந்ததாகத் தகவல் இல்லை.

மார்ச்சில் நூலகத்து ஹில்டா, "ஞாயித்துக்கிழமை மலைப்பக்கம் நடக்கப் போறோம், மழைன்னாலும் போவோம். நீங்களும் வாங்களேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டார். அன்றைக்கே சார் கடைக்கு வந்து, தண்ணீரைத் தடுத்து வியர்வையை வெளியே விடும், ஷூவுக்குள் தைத்த சவ்வைப் பற்றி எனக்கே வகுப்பெடுத்தார். முதல் ஜோடி விரலை இடித்தது. இரண்டாவது குதிகாலில் நழுவியது. மூன்றாவது கனம். நான்காவது?

"ரொம்பச் சரியா இருக்கு. அதான் சந்தேகமா இருக்கு."

ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது, எதிரே இருக்கும் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து, ஞாபகம் வந்ததுபோலக் கேட்பார்: "போன வாரம் அவங்க பஸ்ஸுக்குப் போனாங்களா?"

"போனாங்க சார். பச்சைத் தொப்பி."

"தனியாவா?"

"நாயோட."

அப்புறம்தான் மூச்சு விடுவார்.

ஜூலைக் கடைசி ஞாயிறு கொட்டும் மழை. ஷூவைச் சோதித்துப் பார்க்கக் கடைக்குள் சரிவாக வைத்திருக்கும் கல்பலகையில் ஐந்தாவது ஜோடியோடு சார் ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். ஹில்டா கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"என்ன வாத்தியாரே, மலையேற்றம் இங்கேயேவா?"

சார் அவர் காலைப் பார்த்தார். "உங்க ஷூல தண்ணி உள்ளே போகாதில்லே?"

"பத்து வருஷமா போயிட்டுதான் இருக்கு. மாத்து சாக்ஸ் வெச்சிருக்கேன். பஸ் வந்துடுச்சு, வர்றீங்களா?"

பதிலுக்குக் காத்திராமல் அவர் எதிர்ப்பக்கம் ஓடி ஏறினார். சார் பின்னாலேயே போனார். நானும் வாசலுக்கு வந்தேன். நடைபாதை ஓரத்தில் நின்றுவிட்டார். அவருக்கும் பஸ்ஸுக்கும் நடுவே பழுப்பாகக் கலங்கிய சேற்றுத் தண்ணீர். தூக்கிய கால் அப்படியே நின்றது. பழக்கம். அடிப்பாகத்தைத் திருப்பிப் பார்த்தார்.

பஸ் கிளம்பியது. ஜன்னல் கண்ணாடியில் பச்சைத் தொப்பி திரும்பிப் பார்த்தது. கை ஆட்டியதா, நீரைத் துடைத்ததா தெரியவில்லை.

பஸ் வளைவில் மறையும்வரை சார் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு இரண்டு காலையும் சேற்றில் வைத்து நின்றார்.

"உள்ளே ஒரு சொட்டு வரலை," என்றார். குரலில் பெருமை இல்லை. "இதை இனி மாத்த முடியாதில்லே?"

"முடியாது சார்."

"அடுத்த ஞாயிறு பஸ் எத்தனை மணிக்கு?"