பாதி மூச்சில் ஒரு காதல் இசை

நெய்வேலி டவுன்ஷிப்பில் யார் வீட்டு ரிசப்ஷனானாலும், மாப்பிள்ளையும் பெண்ணும் மேடை ஏறும்போது அய்யாசாமியின் சாக்ஸபோன் முழங்கியாக வேண்டும். பழைய காதல் படம் ஒன்றின் தீம் அது. படத்தில் நாயகனும் நாயகியும் மழைக்கு ஒதுங்கி நிற்பார்கள், வாயே திறக்க மாட்டார்கள், அவர்களுக்காகச் சாக்ஸபோன்தான் பேசும். கதையை மறந்தவர்களுக்குக்கூட அந்த இசை மறக்கவில்லை.

கீபோர்டு வாசிக்கும் கொளஞ்சிநாதன் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டான். அது ஜாஸ் அண்ணே, காதுக்குள்ள ரகசியம் சொல்ற மாதிரி இழையணும், நீங்க ஊரைக் கூட்டுறீங்க என்பான். என்ன செய்வது? பந்தி இரைச்சலைத் தாண்டிக் கேட்க வேண்டுமே. ரகசியத்தை மைக்கில் சொல்லித்தான் பிழைப்பு நடந்தது.

மைன்ஸில் ஷிப்ட், ஷிப்ட் இல்லாவிட்டால் ரிசப்ஷன். தூக்கம் அவருக்குத் திருவிழா பஸ்ஸில் சீட் மாதிரி, கிடைத்தால் உண்டு. சலித்துப்போயிருந்தார் மனிதர். மேடையில் அடுத்தவர் காதலுக்கு ஊதும்போதே கொட்டாவி வரும்.

வீட்டில் மட்டும் அவர் வாசித்ததே இல்லை. குவார்ட்டர்ஸில் எந்நேரமும் யாராவது நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருப்பார்கள். குக்கர் விசிலுக்கே முகம் சுளிக்கிற பிளாக். அங்கே போலீஸ் வேலை பார்த்தது அவர் மனைவி சுப்புலட்சுமிதான். இவர் தூக்கம் கலையக் கூடாதென்று கீரைக்காரியை, பிள்ளைகளை, எதிர் வீட்டு டிவியை எல்லாம் அடக்கி அடக்கி, கடைசியில் அவளுக்கே பேச்சு குறைந்துபோயிற்று.

மகள் வளர்மதி கோயம்புத்தூருக்கு வந்துவிடு என்றதும் சுப்புலட்சுமி பையைக் கட்டிவிட்டாள். சண்டையெல்லாம் இல்லை. எப்போது திரும்புவாய் என்று அய்யாசாமி கேட்டதற்கு, திரும்பி வந்து என்ன செய்ய என்றாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். அலுப்பாகச் சொன்னாள்.

"ஊர்ல இருக்கிற ஜோடிக்கெல்லாம் வாசிச்சீங்க. எனக்கு எல்லாமே மைக்குல கேட்டதுதான்."

அவருக்கு இவள் போனால் திரும்ப மாட்டாள் என்று அப்போதுதான் உறைத்தது. மதிய வெயில். பஸ்ஸுக்கு நேரமிருந்தது. ஜன்னல்களைச் சாத்திவிட்டுச் சாக்ஸபோனை எடுத்தார். மாடி வீட்டில் கார்முகில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்குகிறான், சத்தம் வரக் கூடாது. உதட்டைத் தளர்த்திப் பாதி மூச்சில் அந்தக் காதல் இசையையே ஊதினார். சுரத்தைவிடக் காற்றுதான் அதிகம் வந்தது. அடுத்த சுரம் பிடிபடாமல் தடுமாறினார், தாமதித்தார், மூச்சு வாங்கினார். அந்தத் தடுமாற்றத்திலேயே இசை குழைந்து இறங்கியது. அட, இதைத்தானே கொளஞ்சி சொன்னான் என்று நினைத்துக்கொண்டார். சுப்புலட்சுமி அடுக்களை வாசலில் வந்து நின்றாள்.

கதவு தட்டப்பட்டது. அய்யாசாமி அப்படியே நிறுத்திவிட்டார். அவள் போய்த் திறந்தாள். கண் சிவந்து கார்முகில் நின்றிருந்தான்.

"நைட் முடிச்சுட்டு படுத்துக்கினு இருந்தேங்க அக்கா. எதோ சத்தம் கேக்குது."

பிளாக்கையே அடக்கிவைத்தவள் கதவைப் பாதி மூடிக்கொண்டு சொன்னாள்.

"அவரு எனக்கு வாசிக்கிறாரு தம்பி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவன் படியேறிப் போனான். அவள் கட்டிவைத்த பையை நாற்காலியிலிருந்து இறக்கித் தரையில் வைத்தாள், அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்தாள்.

"முதல்லேர்ந்து வாசிங்க," என்றாள்.