இல்லாத வீட்டுக்காரர்

பெரிசு குளித்துவிட்டு, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கூடத்தில் வந்து நின்றான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் சட்டை போட்டு, கூடவே தங்கியிருந்த நெட்டை பார்த்ததே இல்லை.

"எங்கடா கிளம்பிட்ட?"

"எங்கயும் இல்ல. ஓனர் ஐயாகிட்ட கேக்கணும்."

"போன்லதான? அதுக்கு எதுக்குடா சட்டை?"

"சட்டை போட்டாத்தான் குரல்ல ஒரு பணிவு வருது மச்சான். நீ சிரிப்ப. உனக்கென்ன."

நெட்டை சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. ஓனர் ஐயா என்று ஒருவர் கிடையாது. அந்த வீடு நெட்டையினுடையது.

படிப்பு முடிந்த கையோடு சித்தப்பா அவனிடம் சாவியைக் கொடுத்தார். கல்யாணம், குழந்தை குட்டி எதுவும் இல்லாத மனிதர். "நான் வீடு வீடா மாறி நாயா அலைஞ்சேன். நீ அலையாத," என்றார். பேச்சு அவ்வளவுதான். இரண்டு படுக்கையறை, ஒரு சமையலறை, வெயில் விழும் ஜன்னல். கடன் இல்லை, தவணை இல்லை. முதல் சில வாரங்கள், படுக்கப் போகுமுன் சுவரைத் தொட்டுப் பார்த்துக்கொள்வான். நெஞ்சு நிறையும். நிறைந்த இடத்திலேயே ஏதோ கனக்கவும் செய்யும்.

பிறகு வேலை கிடைத்தது. கட்டடம் கட்டும் இடங்களிலிருந்து வரும் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் வைத்து நசுக்கி, எந்த அழுத்தத்தில் உடைகின்றன என்று பார்க்கும் பரிசோதனைக்கூடம். சாப்பாட்டு நேரத்தில் அங்கே ஒரே பேச்சுதான், வாடகை. இளம் வயதிலேயே முன்தலை வழுக்கையாகிப் 'பெரிசு' என்று பெயர் வாங்கியவன் ஒருநாள் முதலாளி மகனைப் பற்றிச் சொன்னான்: "அவனுக்கென்னப்பா, பொறக்கும்போதே கையில சாவியோட பொறந்தவன்." எல்லாரும் சிரித்தார்கள். நெட்டை எல்லாரையும்விடச் சத்தமாகச் சிரித்தான். "உனக்கு எவ்வளவுடா வாடகை?" என்று யாரோ கேட்டபோது வாய்க்கு வந்ததைச் சொன்னான்.

பெரிசை அவன் இருந்த அறையிலிருந்து காலி பண்ணச் சொன்னார்கள். "என்கூட வந்துடுடா," என்றான் நெட்டை. மனசாரத்தான் சொன்னான். ஆனால் பெரிசு ஓசியில் ஒண்டுகிற ஆளில்லை. பாதி வாடகையை நேராக ஓனருக்கே அனுப்பிவிடுவதாகச் சொல்லி நம்பர் கேட்டான். அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். நெட்டை புது சிம் ஒன்று வாங்கி, பழைய போனில் போட்டான். பணம் போய்ச் சேர, அவன் கவனித்துவந்த சித்தப்பாவின் பழைய வங்கிக் கணக்கு இருந்தது.

பொய்க்குக் கைகால் முளைத்தது. ஓனர் முன்கோபக்காரர், போன் எடுக்கமாட்டார், மெசேஜ் மட்டும்தான். கூடத்தின் மூலையில் வந்து ஒட்டிக்கொள்ள இன்னொரு சகா பார்த்தபோது, "வேற ஆள் தங்கினா ஓனர் எல்லாரையும் வெளிய தள்ளிடுவார்," என்றான் நெட்டை. அப்போதைக்கு அது வசதியாக இருந்தது. அன்றிலிருந்து பெரிசு இருமினால்கூட வாயைப் பொத்திக்கொண்டு இருமினான்.

இப்போது பெரிசின் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கூட வைத்துப் பார்த்துக்கொள்ள வேறு நாதியில்லை.

"மெசேஜ் போடுடா. அவர்தான் போன் எடுக்கமாட்டாரே," என்றான் நெட்டை. கேள்வி வந்த உடனே 'தாராளமாக வரட்டும்' என்று அடித்துவிடலாம் என்று அந்தப் பழைய போனைக் கால்சட்டைப் பையில் தயாராக வைத்திருந்தான். நல்லது செய்யப்போகிறோம் என்ற நிம்மதிகூட இருந்தது.

"அம்மா விஷயத்தை மெசேஜ்ல கேக்கிறதா? திட்டினாலும் பரவாயில்ல. ஒரு தடவை கூப்பிட்டுப் பாத்துடறேன்."

"பெரிசு, வேணாம்டா..."

பெரிசு எண்ணை அழுத்திவிட்டான்.

நெட்டையின் பையில் போன் அதிர்ந்தது. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் இரும்புச் சட்டத்தில் பட்டு, வண்டு குடைவது போலச் சத்தம் வந்தது. பெரிசு காதில் போனை வைத்தபடியே திரும்பினான். துண்டித்தான். சத்தம் நின்றது. மறுபடி அழுத்தினான். வண்டு மறுபடி குடைந்தது.

பெரிசின் முகத்தில் ஈயாடவில்லை.

பரிசோதனைக்கூடத்தில் கான்கிரீட் கட்டி உடைவதற்கு முன் இயந்திரத்தில் ஒரு நொடி எந்தச் சத்தமும் இராது. எதிரே நிற்பவன் அப்போது தன்னை அறியாமல் ஓரடி பின்வாங்குவான். நெட்டைக்குப் பின்வாங்க இடமில்லை. போனை வெளியே எடுத்தான். வேறு என்ன செய்வதென்று தெரியாமல் அதைக் காதில் வைத்தான்.

"அம்மா வரலாம்டா," என்றான்.

"சரிங்கய்யா," என்றான் பெரிசு.

பழக்கதோஷம். சொன்ன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. போனைக் கீழே இறக்கினான்.

"வீடு யாருது?"

"சித்தப்பா குடுத்தது. எனக்கு." நெட்டை வேகவேகமாகச் சொன்னான். "உன் காசு அத்தனையும் அப்படியே இருக்குடா. ஒரு பைசா தொடல. சத்தியமா."

"தொடல."

"தொடவே இல்லடா."

"தொடாம இருக்க முடிஞ்சிருக்கு உனக்கு." பெரிசு கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்றிருந்தது. "போன வருஷம் பல்லு வலின்னு துடிச்சேனே. சரி பண்ணலாம்னு டாக்டர் சொன்னாரு. வாடகை நேரம், புடுங்கிடுங்கன்னுட்டேன். நீதான பக்கத்துல உக்காந்து பஞ்சு புடிச்சுக்கிட்டிருந்த?"

இந்த வீட்டில் எதற்கும் பயப்படத் தேவையில்லாதவன் நெட்டை ஒருவன்தான். பயந்துகொண்டிருந்தவனும் அவன்தான்.

பெரிசு சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றப் போய், பாதியில் நிறுத்தினான். அறைப்பக்கம் பார்த்தான், வாசல்பக்கம் பார்த்தான். ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. கோபித்துக்கொண்டு வெளியேறுகிற வசதி அவனுக்கு இல்லை. அதை இருவரும் ஒரே நேரத்தில் கணக்குப் போட்டு முடித்தார்கள்.

"அம்மா எத்தனை நாள் இருக்கலாம்?" என்று பெரிசு கேட்டான்.

அவன் நெட்டையின் கண்ணைப் பார்க்கவில்லை. பொத்தானைப் பழையபடி போட்டுக்கொண்டு, பதிலுக்காக நின்றான்.