மாஸ்டர் அளவெடுத்த துப்பாக்கி

தையல்கடை மாஸ்டர் தன் வாழ்நாளில் ஒரு கரப்பான்பூச்சியைக்கூட அடித்ததில்லை. கடைக்குள் ஒன்று ஓடினால் அதைக் காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வாசலுக்கு வெளியே விட்டு, "போயிடு, திரும்பி வந்துடாதே" என்று புத்திமதியும் சொல்லி அனுப்புகிற ஆள். அது அரைமணி நேரத்தில் திரும்பி வந்துவிடும் என்பது வேறு விஷயம். அப்படிப்பட்ட மனுஷனைத்தான் தெருவே சேர்ந்து, பெண்டாட்டியை அடிக்கிறவன் என்று முடிவு கட்டியிருந்தது.

தெருவை மட்டும் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. திங்கட்கிழமை தவறாமல் அவர் மனைவி வலது கன்னத்தில் ஒரு நீலத் தடத்தோடு வேலைக்குப் போனாள். குடிநீர் வாரியத்தில் புகார் கவுண்டரில் உட்கார்கிறவள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வரிசையில் நிற்கிறவர்கள் குழாயில் தண்ணீர் வராத கோபத்தைக்கூட மறந்து, "என்னம்மா ஆச்சு கன்னத்துல?" என்று கேட்டார்கள். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"துப்பாக்கி அடிச்சிடுச்சு."

யார் நம்புவார்கள்? கதவில் இடித்துக்கொண்டேன், படியில் விழுந்தேன் என்று சொல்கிற பெண்களையே உலகம் ஒரு மாதிரி பார்க்கிறது. இவளோ துப்பாக்கி என்கிறாள். பக்கத்துக் கவுண்டர் அம்மா மட்டும் இவளுக்காக உச்சுக்கொட்டி, "பாவம், ஒழுங்கா ஒரு பொய் சொல்லக்கூடத் தெரியல" என்று மூன்று மாடிக்கும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஆனால் அது சத்தியமான உண்மை. ஊருக்கு வெளியே ஒரு சுடும் மைதானம் இருந்தது. அங்கே ஒரு இயந்திரம் சாஸர் அளவு களிமண் தட்டுகளை ஆகாயத்தில் வீசும். பறக்கும்போதே சுட வேண்டும். பட்டால் தூள் தூளாகக் கொட்டும். இரண்டு வருஷத்துக்கு முன் அலுவலகத்தில் எல்லோரையும் ஒருநாள் கூட்டிப் போனார்கள். மற்றவர்கள் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினார்கள். இவள் மூன்றாவது குண்டில் ஒரு தட்டை உடைத்துவிட்டு, வீட்டுக்கு வந்து விடிய விடிய அதையே பேசினாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் மைதானம்தான்.

"தெனமும் நூறு பேர் என்னைப் பாத்துக் கத்துறாங்க. ஒண்ணும் நடக்கிறதில்ல. அங்க நான் ஒரே ஒரு தடவை 'புல்'னு, தட்டை விடுன்னு இங்கிலீஷ்ல, கத்துறேன், அடுத்த நொடி தட்டு பறக்குது. வாழ்க்கையிலேயே நான் சொல்லி ஒடனே நடந்த ஒரே வேலை அதுதாங்க."

துப்பாக்கி கொடுத்தது அவளுடைய அண்ணன். ஐஸ் ஃபாக்டரி முதலாளி. ஆறடி இரண்டு அங்குலம், வாசலில் நின்றால் வீட்டுக்குள் வெளிச்சம் வராது. பத்து வருஷம் அவரும் அதே மைதானத்தில் சுட்டவர். முழங்கால் மக்கர் பண்ணியதும், எழுத்து வேலைகளையெல்லாம் முறைப்படி முடித்து, தன் இரட்டைக்குழல் துப்பாக்கியைத் தங்கை பேருக்கு மாற்றிக் கொடுத்தார். அதனால்தான் சிக்கலே முளைத்தது.

ஒரு நாள் காலையில் அவர் வந்து சோபாவில் உட்கார்ந்தார். காபியைத் தொடவில்லை.

"மாப்ளே, நேரா விஷயத்துக்கு வரேன். பத்து வருஷம் அந்தத் துப்பாக்கி என்கிட்ட இருந்துச்சு. ஒரு நாள் என் மேல ஒரு கீறல் போட்டிருக்குமா? அது தங்கமான துப்பாக்கி."

"மச்சான், நான் வந்து..."

"நீங்க பேசாதீங்க. பேசாத ஆளுங்களை நம்பவே கூடாதுன்னு என் பொண்டாட்டி சொல்றா."

மாஸ்டர் பேசுவதா வேண்டாமா என்று தெரியாமல் விழித்தார். சமையலறையிலிருந்து அவர் மனைவி, "அண்ணா, நெஜமாவே துப்பாக்கிதான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அவளுக்கு இந்தக் கூத்து முழுக்க வேடிக்கையாகத்தான் இருந்தது.

"சிரிச்சு மறைக்கிறா பாருங்க," என்றார் அண்ணன். "மாப்ளே, அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வருவேன். அன்னிக்கு இவ மூஞ்சியில நீலமோ பச்சையோ பாத்தேன், பெட்டியோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

மாஸ்டர் அன்று ஒரு பாண்ட்டுக்கு இரண்டு இடது கால் வெட்டிவிட்டார். பத்தொன்பது வருஷக் கல்யாண வாழ்க்கை. அவள் இல்லாத வீட்டை அவரால் கற்பனை செய்யக்கூட முடியவில்லை.

அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான்: இடிக்கிற இடத்தில் மெத்தை வை. மனைவி சுடும்போது போடுகிற கையில்லாத கோட்டின் வலது தோளில் அரை அங்குலம் ஸ்பாஞ்சு வைத்துத் தைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை தோள் வலி குறைந்தது, கன்னத்து நீலம் பெரிதானது. மறுவாரம் இன்னொரு அரை அங்குலம். இந்தத் தடவை கன்னத்தோடு உதடும் வீங்கியது. மனுஷன் விடுவாரா? மூன்றாம் வாரம் ஒன்றரை அங்குலமாக்கிவிட்டார். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் அவள் ஒரு தோளில் தலையணையைச் சுமக்கிறவள் போலிருந்தாள். திரும்பி வந்தபோது வலது கண் பாதி மூடியிருந்தது.

மறுநாள் கோட்டு தைக்கக் கொடுத்திருந்த ஒரு பெண்மணி கடைக்கு வந்து, துணியை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டாள். "பரவால்ல மாஸ்டர், நான் வேற எடத்துல குடுத்துக்கறேன்" என்று அவர் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். அவருக்கு வெட்கத்தில் காது மடல் சுட்டது.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அவர் தலை நிமிராமல் சொன்னார்: "கொஞ்ச நாளைக்கு அதை விட்டுடேன்மா."

சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் போடவில்லை. "சரிங்க" என்றாள். துப்பாக்கியைத் துடைத்து இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினாள்.

பத்து நாளில் நீலம் மஞ்சளாகி மறைந்தது. கன்னம் பளிச்சென்று ஆனது, ஆனால் முகத்தில் மற்ற எதுவும் மிச்சமில்லை. அலுவலகம் முடிந்தும் அவள் கவுண்டரிலேயே உட்கார்ந்திருக்கிற மாதிரி இருந்தது. உப்பு குறைகிறது என்றால், "பதிவு பண்ணிக்கிட்டேங்க" என்றாள். மின்விசிறி சத்தம் போடுகிறது என்றால், "மூணு வேலை நாள்ல பாப்பாங்க" என்றாள். வீங்கிய உதட்டோடு சிரித்தவளே தேவலை என்று மாஸ்டருக்குத் தோன்றியது. தன் பேரைக் காப்பாற்ற அவளுடைய ஒரே சந்தோஷத்தைப் பிடுங்கிவிட்டோமே என்று தன் மேலேயே கோபமாக வந்தது.

அந்த நேரத்தில்தான் கடைக்கு ஒரு ஒல்லி ஆசாமி வந்தார். தன் அண்ணனின் பழைய கோட்டைப் போட்டிருந்தார். கை, விரல் நுனி வரைக்கும் தொங்கியது.

"தோள்ல உறுத்துது மாஸ்டர். உள்ள கொஞ்சம் பஞ்சு வச்சுக் குடுங்களேன்."

"பஞ்சு வச்சா இன்னும் கெடும் சார்," என்றார் மாஸ்டர் யோசிக்காமல். "இது உங்க அளவே இல்ல. உங்க அண்ணன் அளவு."

சொல்லிவிட்டு, சாக்குக் கட்டியைப் பிடித்த கை அந்தரத்தில் நிற்க, அப்படியே நின்றுவிட்டார். பிறகு அந்த மனுஷனைக் கோட்டோடு கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

"துப்பாக்கியை எடும்மா! தோள்ல வச்சு நில்லு!"

அவள் துப்பாக்கியை மடக்கித் திறந்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டிவிட்டு, மூடித் தோளில் வைத்தாள். மாஸ்டர் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். இரவல் கோட்டு போட்டவன் எப்படி நிற்பானோ அப்படி நின்றாள். விசையைத் தொடுவதற்கே கையை எக்கி நீட்டியிருந்தாள். மதில் சுவருக்கு மேல் எட்டிப் பார்க்கிற மாதிரி கழுத்து முன்னால் நீண்டிருந்தது. துப்பாக்கியின் பின்பக்க மரக்கட்டை தோள் குழியில் பொருந்தாமல் புஜத்தில் தொற்றிக்கொண்டிருந்தது. அது பின்னால் உதைத்தால் கன்னத்தில் விழாமல் வேறெங்கே விழும்?

டேப்பை எடுத்தார். மடக்கிய முழங்கையின் உள்பக்கத்திலிருந்து விசை இழுக்கும் விரல் வரை அவளுக்குப் பதின்மூன்றேகால் அங்குலம். துப்பாக்கியின் விசையிலிருந்து கட்டை முடிகிற வரை பதினைந்து. அதற்கு மேல் இவர் தைத்த மெத்தை ஒன்றரை.

மாஸ்டர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். "நான்தாம்மா உன்னை அடிச்சிருக்கேன். ஒவ்வொரு வாரமும் தச்சுத் தச்சு அடிச்சிருக்கேன்."

அவள் பத்து நாளில் முதல் தடவையாகச் சிரித்தாள். "இதை அண்ணன்கிட்ட சொல்லித் தொலைச்சுடாதீங்க."

மறுநாளே இரண்டு பேரும் துப்பாக்கிக் கடைக்குப் போனார்கள். கடைக்காரர் மாஸ்டரைப் பார்த்து, "சாருக்கு எந்த மாதிரி வேணும்?" என்றார்.

"எனக்கில்ல, அவங்களுக்கு."

"ஓ, மேடத்துக்கா!" கடைக்காரர் உள்ளே போய், கட்டையில் பூ செதுக்கிய ஒன்றை இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு வந்தார். "லேடீஸுக்குன்னே வந்தது சார். கையில இருக்கிறதே தெரியாது."

மாஸ்டர் மயங்கித்தான் போனார். அவள் மயங்கவில்லை. புகார் கவுண்டரில் பதினாறு வருஷம் உட்கார்ந்தவள். "இவ்வளவு லேசா இருந்தா, சுடும்போது என்ன பண்ணும்?" என்று கேட்டாள்.

கடைக்காரர் கூரையைப் பார்த்தார். "கொஞ்சம் உதைக்கும் மேடம். போகப் போகப் பழகிடும்."

"பழகி முடிச்சாச்சு," என்றாள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் சுரீரென்றது. லேசான துணி காற்றடித்தால் முகத்தில் வந்து அடிக்கும். கனத்த துணி விழுந்த இடத்தில் கிடக்கும். இது தெரியாமலா இத்தனை வருஷம் கத்தரி பிடித்தோம்? "கனமானதாக் காட்டுங்க," என்றார்.

கடைக்காரர் வேண்டாவெறுப்பாக இன்னொன்றை எடுத்தார். ஒற்றைக் குழல், மூன்றரைக் கிலோ. வெடிக்கிற வாயுவில் ஒரு பங்கை எடுத்து அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் ரகம். அதனால் உதை ஒரேயடியாக வராமல் மெதுவான தள்ளலாகத்தான் வரும் என்றார். பின்பக்கம் தடியான ரப்பர். கட்டையைக் கழற்றி நீளத்தைக் குறைக்கவும் வழி உண்டு.

அதுவரை சாதுவாக இருந்த மாஸ்டர் கழுத்தில் கிடந்த டேப்பை உருவினார். அதன்பிறகு கடைக்காரர்தான் சாது. மாஸ்டர் அவளைக் கண்ணை மூடித் துப்பாக்கியைத் தோளில் வைக்கச் சொன்னார், திறந்து பார்க்கச் சொன்னார், கண் குழலின் நேர்க்கோட்டில் இருக்கிறதா என்று எதிரில் குனிந்து நின்று பார்த்தார். "இன்னும் கால் இஞ்சு கொறைங்க" என்றார். "இப்ப கன்னம் எங்கம்மா படுது?" என்றார். இருபது தடவை ஏற்றி இறக்கவைத்தார். கட்டையில் சாக்குக் கட்டியால் கோடு போடப் போனபோதுதான் கடைக்காரர் பதறிக் கையைப் பிடித்தார்.

கிளம்பும்போது, குறைந்த ஈயம் உள்ள மெதுவான தோட்டாக்களையே அவள் கேட்டு வாங்கினாள். அடுத்த இரண்டு ஞாயிறும் சுட்டாள். கன்னம் தேய்த்து வைத்த பாத்திரம் போலப் பளபளத்தது. மாஸ்டர் நிம்மதியாகத் தூங்கினார்.

சொன்ன ஞாயிற்றுக்கிழமை அண்ணன் நேராக மைதானத்துக்கே வந்தார். அன்று பக்கத்துக் கவுண்டர் அம்மாவும் வந்திருந்தாள், தோழிக்கு ஆதரவாக. அண்ணன் தங்கையின் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லை. மாஸ்டர் மார்பை நிமிர்த்தினார்.

"பாத்தீங்களா மாப்ளே," என்றார் அண்ணன். "நான் ஒரு அதட்டு போட்டதும் அடங்கிட்டீங்க. அப்ப இத்தனை நாள் அடிச்சது நீங்கதான்."

மாஸ்டருக்குத் தலை சுற்றியது. நீலம் இருந்தாலும் இவர்தான், இல்லாவிட்டாலும் இவர்தான். இனிமேல் எதைக் காட்டி நிரூபிப்பது? கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

அவர் மனைவி போய் நின்று இருபத்தைந்து தட்டுக்குக் குரல் கொடுத்தாள். பதினெட்டு தூளானது. பழைய துப்பாக்கியில் ஒன்பதைத் தாண்டியதில்லை. திரும்பி வந்து, "அண்ணா, உன் துப்பாக்கி எனக்கு அளவில்ல. இது என் அளவு. அவர் எடுத்த அளவு" என்றாள்.

"துப்பாக்கிக்கு என்னடி அளவு? சட்டையா அது? கொண்டா இங்க."

"வேணாம் மச்சான்," என்று மாஸ்டர் பாய்ந்தார். "உங்க கைக்கு அது ரொம்பக் குட்டை, மூக்குக்குப் பக்கத்துல கட்டைவிரல்..."

"தள்ளுங்க மாப்ளே."

பக்கத்துக் கவுண்டர் அம்மா அப்போது டீ வாங்கப் போயிருந்தாள். அண்ணன் அந்தக் குட்டைக் கட்டையைத் தன் அகலத் தோளில் புதைத்து, "புல்" என்று மைதானம் அதிரக் கத்தினார். தட்டு பறந்தது. வெடித்தது. துப்பாக்கி மெதுவாகத்தான் தள்ளியது. ஆனால் மூக்குக்கும் கட்டைவிரலுக்கும் நடுவில் நூலளவு இடம்கூட இல்லை. அவருடைய சொந்தக் கட்டைவிரல் அவருடைய சொந்த மூக்கில் போய் இறங்கியது. தட்டு பத்திரமாகப் புல்லில் போய் உட்கார்ந்தது.

தங்கை துப்பாக்கியை வாங்கிப் பத்திரமாக வைத்தாள். அண்ணன் மூக்கைப் பொத்திக்கொண்டு பெஞ்சில் சரிந்தார். விரல் இடுக்கில் ரத்தம். மாஸ்டர் கையை ஓங்கியபடி, அதாவது தடுக்கப் போன கையை இறக்க மறந்தபடி, அவர் எதிரில் நின்றார். டீயோடு வந்த பக்கத்துக் கவுண்டர் அம்மா பார்த்தது அந்தக் காட்சியைத்தான்.

"ஐயையோ! பொண்டாட்டியை விட்டுட்டு இப்ப மச்சானையா?"

"இல்லீங்க," என்றார் அண்ணன் அடைத்த குரலில். "துப்பாக்கிங்க. துப்பாக்கிதான் அடிச்சுது."

அந்த அம்மா டீயைக் கீழே வைத்துவிட்டு, அவர் முதுகை ஆதரவாகத் தடவினாள். "தெரியும் சார். பயப்படாதீங்க. எங்ககிட்ட தாராளமா உண்மையைச் சொல்லலாம்."

"அம்மா, சத்தியமா..."

"உங்க தங்கச்சியும் இப்படித்தான் சத்தியம் பண்ணுவாங்க."

ஆறடி இரண்டு அங்குல மனுஷன் சின்னப் பிள்ளை மாதிரி உதட்டைப் பிதுக்கிக்கொண்டு மாஸ்டரை நிமிர்ந்து பார்த்தார். "மாப்ளே, நீங்களாவது சொல்லுங்களேன். உண்மையைச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க."

மாஸ்டர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். கேட்பதற்கு எத்தனையோ இருந்தது; ஒன்றரை மாசமாக நெஞ்சுக்குள் சேர்த்து வைத்திருந்தார். அந்த முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டார். கைக்குட்டையை எடுத்து அந்தப் பெரிய மூக்கில் மெதுவாக ஒற்றினார்.

"நான் நம்புறேன் மச்சான்," என்றார்.